ரோலர் மேசையும் ‘கவனயீனம்’ என்ற சொல்லும்

இலங்கையின் தேயிலைத் தோட்டத்து பெக்டரிகளில், தூள் தயாரிப்பைப் பொறுப்பாக நடத்தும் டீ மேக்கரின் மேசை லாச்சிக்குள் ஒரு விபத்துப் புத்தகம் கிடக்கும். திகதி, நேரம், பெயர், வேலை, காயம் பட்ட உறுப்பு என்று கட்டங்கள் வரிசையாகப் போய், ஓரத்தில் ‘காரணம்’ என்று ஒரு சின்னக் கட்டம். விரல் போன பக்கங்களில் அந்தக் கட்டத்துக்குள் அநேகமாக ஒரே சொல்தான் நிற்கும்: கவனயீனம். அதை எழுதி ஒப்பமிட்டவுடன் புத்தகம் மூடப்படும். ரத்தம் கழுவப்படும். மறுநாள் அதே இடத்தில் வேறொரு ஆள் நிற்பார்.

அந்தச் சொல்லை என்னால் ஏற்கவே முடிவதில்லை. கவனம் குறைந்த மனிதன் எங்கே வேண்டுமானாலும் அடிபடுவான். படியில் வழுக்குவான், கதவில் கையை இடித்துக்கொள்வான், நடைபாதையில் தடுக்கி விழுவான். மெசினில் விரல் போவது அப்படிச் சிதறி நடப்பதில்லை. பெக்டரிக்குள் ஐந்தாறு இடங்கள்தான், ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம்கூட இல்லாதவை. அங்கேதான் திரும்பத் திரும்பப் போகிறது. ஆள் மாறுகிறார், வருடம் மாறுகிறது, இடம் மட்டும் மாறுவதில்லை. ரோலர் ரூமில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் அந்த இடங்கள் தெரியும். புதிதாக வருகிற பையனுக்கு முதல் நாளே, “தம்பி, அந்தப் பக்கம் கைய விடாதே” என்று சொல்லிக் கொடுப்பார்கள். புத்தகத்தில்தான் அவை ஏறுவதில்லை.

கை எதற்காக உள்ளே போகிறது

லூல்கந்துரையில் 1867இல் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கொழுந்தைக் கையாலேயே உருட்ட வைத்தார். பின்னால் வந்த ரோலர் அந்தக் கையசைவை இரும்பில் செய்தது. கீழே பித்தளை வரம்புகள் பதித்த மேசை, மேலே ஜாக்கெட் என்கிற, கொழுந்து நிரம்பிய அடியில்லா உருளைப் பெட்டி. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே இலையை வைத்துத் தேய்ப்பது போல ஜாக்கெட் வட்டமடிக்கும். நிமிடத்துக்கு 40, 45 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை விநாடிக்கு மேல் இல்லை. பிரஷரைக் கூட்டும்போது இலை பிதுங்கி மேசை விளிம்பில் சிந்தும். சிந்தியதை உள்ளே தள்ள வேண்டும். இதுதான் அந்த வேலையின் சாரம், எந்த மெசின் புத்தகத்திலும் இல்லாத வேலை. ஜாக்கெட் அப்பால் போகும்போது கை போக வேண்டும், இப்பால் வருமுன் வெளியே வந்துவிட வேண்டும். ஒரு ரோலுக்கு, அதாவது ஒரு தடவை நிரப்பி உருட்டுவதற்கு, பத்துத் தடவை, ஓர் இரவுக்கு இருபது ரோல் என்று வைத்துக்கொண்டால் 25 நாளில் 5,000 தடவை. 4,999 தடவை தாளம் தப்பாமல் கையை எடுத்தவரை ஒரே ஒரு தடவைக்காகக் கவனமில்லாதவர் என்று எழுதுகிறோம்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். கொழுந்து பின்னேரம் வந்து சேர்கிறது, இரவெல்லாம் வாட்டில், அதாவது ஈரம் குறையக் காற்றோட்டத்தில், கிடக்கிறது. ரோலர் பெரும்பாலும் விடியாத நேரத்தில்தான் ஓடத் தொடங்கும். நுவரெலியாப் பக்கத்தில் தை மாதத்து விடியலில் விரல் நுனி மரத்துப்போய் இருக்கும். தொட்டது இரும்பா இலையா என்பதே தாமதமாகத்தான் தெரியும்.

உருட்டிய இலைக் கட்டிகளை உடைத்துச் சலிக்கும் ரோல் பிரேக்கரில் சல்லடைக்கு அடியில் ஆடும் கிராங்க், இலையைத் திருகால் தள்ளி அரைக்கும் ரோட்டர்வேனில் இலை விழும் வாய், டிரையருக்குப் போகும் கன்வேயரின் முனை உருளை, மோட்டாரின் வி-பெல்ட், இவைதான் மற்ற இடங்கள். வி-பெல்ட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கரண்டே இல்லாதபோதும் விரலை எடுக்கக்கூடியது அது. புல்லியைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்பதற்காகப் பெல்ட்டைக் கையால் பிடித்து இழுப்பார்கள். பெல்ட்டைப் பிடித்த விரல்கள் பெல்ட்டோடு சேர்ந்து புல்லியின் பள்ளத்துக்குள் போகும். பாரமான மெசின் என்றால் இழுத்த வேகத்திலேயே இன்னும் கால் சுற்று ஓடும். அந்தக் கால் சுற்று போதும். திருப்ப வேண்டுமானால் புல்லியின் ஆரக்காலில் உள்ளங்கையை விரித்து வைத்துத் தள்ள வேண்டும், அல்லது தண்டின் முனையில் ஸ்பேனர் போட்டுத் திருப்ப வேண்டும். பெல்ட்டைச் சுற்றி விரல்களை மடக்கவே கூடாது.

கொக்கியில் இல்லாத குச்சி

எல்லாவற்றிலும் நான் அதிகம் யோசிப்பது ரோட்டர்வேனின் வாயைப் பற்றித்தான். வாட்டுக் குறைந்த ஈர இலை கட்டிகட்டியாக வந்து விழும்போது வாயில் பாலம் மாதிரி நின்றுவிடும். கீழே திருகு வெறுமையாகச் சுற்றும், மேலே இலை குவியும். தள்ளிவிட்டால் இறங்கிவிடும், ஒரு விநாடி வேலை. நிறுத்தினால் என்ன ஆகும்? உருளைக்குள் பாதி அரைபட்ட தூள் இறுகிக் கிடக்கும். அந்தப் பாரத்தோடு மோட்டாரைத் திரும்பப் போட்டால் ஓவர்லோட் சுவிட்ச் விழுந்து மோட்டார் நின்றுவிடும். மூடியைக் கழற்றி, உள்ளே உள்ளதை வாரி எடுத்து, மறுபடி பூட்ட அரை மணி ஆகலாம். அதற்குள் முன்னால் போன தூள் புளித்துக்கொண்டே இருக்கும். சூடான நாளில் அந்த அரை மணி சாயத்தையே மாற்றிவிடும். காலையில் டீ மேக்கர் சுவைத்துப் பார்க்கும்போது யார் மெசினை நிறுத்தியது என்றுதான் கேட்பார். நிறுத்தாமல் கையை விட்டது யார் என்று எவரும் கேட்டதில்லை, விரல் போகும் வரைக்கும்.

அதனால்தான் பழைய ஆட்கள் வாயருகே ஒரு மூங்கில் குச்சியைச் செருகி வைத்திருப்பார்கள். ஒன்றரை முழ நீளம், முனை மழுங்கியது. மாட்டிக்கொண்டால் முறியும், கையை இழுக்காது. இரும்புக் கம்பியை வைக்கக்கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். கம்பி சிக்கினால் முறியாது, பிடித்த கையை முறுக்கும் அல்லது எகிறி முகத்தில் அடிக்கும். பிறகு உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ்கள் வந்தன. தேயிலைக்குள் மரச் சிராய் விழக்கூடாது என்பது நியாயமான விதி. உற்பத்திப் பகுதியிலிருந்து மரம், மூங்கில், விளக்குமாற்றுக் குச்சி எல்லாம் எடுக்கப்படும். எடுத்த இடத்தில் வேறொன்றை வைக்கும் வேலைதான் யாருடைய பட்டியலிலும் இருப்பதில்லை. சான்றிதழ் பார்க்க வருபவர் தேயிலையைப் பார்க்கிறார், பாதுகாப்புப் பார்க்க வருபவர் மூடிகளைப் பார்க்கிறார். குச்சி இரண்டு பேருடைய கண்ணுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது. இலை மட்டும் முன்போலவே சிக்குகிறது. குச்சி இல்லாத கொக்கிக்குப் பக்கத்தில் நிற்கும் மனிதனிடம் அப்போது இருப்பது கை ஒன்றுதான்.

இந்த இடத்தில்தான் ‘கவனயீனம்’ முற்றாக உடைந்துபோகிறது என்பேன். அந்தக் கை உள்ளே போவதற்கு முன்னால் மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டாயிற்று. வாட்டுப் போதாத இலையை இறக்கியது ஒன்று. குச்சியை எடுத்துவிட்டு மாற்று வைக்காதது இரண்டு. நிறுத்தினால் திட்டு என்று ஆக்கி வைத்தது மூன்று. மூன்றில் ஒன்றையும் கையை இழந்தவர் எடுக்கவில்லை.

மாற்று செலவானதும் அல்ல. வெள்ளை அல்லது நீல நிற, உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் துடுப்பு, இரண்டடி நீளம். நீலம் நல்லது, உடைந்து விழுந்தால் தூளுக்குள் கண்ணில் படும். ஒவ்வொரு மெசினுக்கும் ஒன்று, அந்த மெசினிலேயே கொக்கி. கயிறோ சங்கிலியோ போட்டு மெசினோடு கட்டக்கூடாது, அதுவே சுற்றிக்கொள்ளும். சுவரில் துடுப்பின் உருவத்தைப் பெயின்ட்டால் வரைந்துவிட்டால், இல்லாதபோது வெறும் உருவம் தெரியும். இன்னும் நல்லது, வாயின் மேல் உயரமான தகரப் புனல் ஒன்றை வைத்து, கை எவ்வளவு நீண்டாலும் திருகைத் தொடாதபடி செய்வது. 85 சென்றிமீற்றர் உயரம் இருந்தால் தோள்வரை விட்டாலும் எட்டாது.

கால் விநாடிக் கணக்கு

இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி மெசின் உள்ள பெக்டரிகளில் ஒரு கணக்கைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. எட்டு அங்குல விட்டமுள்ள இரண்டு பல் உருளைகள் எதிரெதிராக உள்நோக்கிச் சுற்றுகின்றன. ஒன்று நிமிடத்துக்கு 70 சுற்று, மற்றது 700. மெதுவானதன் மேற்பரப்பு விநாடிக்கு 74 சென்றிமீற்றர் நகரும், வேகமானது ஏழு மீற்றருக்கு மேல். விரல் நுனி பட்டது என்று மூளைக்குத் தெரிந்து, கை பின்னால் இழுக்கத் தொடங்கக் கால் விநாடி ஆகும். மெதுவான உருளை மட்டும் அந்தக் கால் விநாடிக்குள் 18 சென்றிமீற்றரை உள்ளே இழுத்துவிடும். நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை உள்ள நீளம் ஏறத்தாழ அதுதான். ‘சட்டென்று இழுத்திருக்கலாமே’ என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்த மெசினில் போன விரலைத் திரும்பப் பொருத்தவும் அநேகமாக முடியாது. இலையை எப்படி நசுக்கி, கிழித்து, சுருட்டுகிறதோ அப்படியே தசையையும் செய்கிறது.

சிவப்புப் பொத்தானை அமுக்கிய பிறகும் பாரத்தின் வேகத்தில் மெசின் ஓடும். எத்தனை விநாடி என்பது மெசினுக்கு மெசின் வேறு. கைபேசியில் விநாடி பிடித்து, வெறுமையாக ஓடும்போது அளந்து, அந்த எண்ணை மெசினிலேயே பெரிதாக எழுதிவிடலாம். கண்ணால் பார்த்து நின்றுவிட்டது என்று நம்பவும் முடியாது. டியூப் லைட் விநாடிக்கு நூறு தடவை மினுங்குகிறது. அந்த மினுக்கத்தோடு ஒத்துப்போகும் வேகத்தில் சுற்றும் புல்லி அசையாமல் நிற்பது போலத் தெரியும். ஒரே மெசினுக்கு மேலுள்ள லைட்டுகளை மும்முனை மின்சாரத்தின் வெவ்வேறு பேஸில் இணைத்தால் இந்த மயக்கம் பெருமளவு போகும். எலக்ட்ரீசியனுக்கு அரை நாள் வேலை.

கரண்டு திரும்பி வரும்போது

2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்டு இல்லாமல் இருந்த நாட்கள் நினைவிருக்கும். அந்த நாட்கள் போனாலும், மழைக்காலத்தில் கம்பிமேல் மரம் விழுந்தால் மலையில் கரண்டு போவது போகத்தான் செய்யும். கரண்டு போனதும் பெக்டரி திடீரென்று அமைதியாகிவிடும். அந்த அமைதியில் ஒவ்வொருவரும் தங்கள் மெசினைச் சுத்தம் செய்யக் குனிவார்கள். நல்ல வேலைக்காரர் சும்மா நிற்பதில்லை, அதுதான் ஆபத்து. ஒழுங்கான ஸ்டார்ட்டரில் கரண்டு போனதும் உள்ளே இணைப்பைப் பிடித்திருக்கும் கொன்டாக்டர் விழுந்துவிடும். கரண்டு வந்தாலும் யாராவது பச்சைப் பொத்தானை அமுக்கினால்தான் மெசின் ஓடும். பொத்தானுக்குள் ஒரு மரத்துண்டைச் செருகி வைத்திருந்தாலோ, பழுதான ஸ்டார்ட்டரைத் தவிர்த்து நேரடியாக மெயின் சுவிட்சில் கொடுத்திருந்தாலோ, கரண்டு வந்த கணமே மெசின் தானாகப் புறப்படும்.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். மெசினை வெறுமையாக ஓடவிட்டு, சுற்றிலும் ஆட்களை விலக்கி, மெயினை அணைத்துத் திரும்பப் போடுங்கள். தானாக ஓடினால் அந்த மெசினை அன்றைக்கே நிறுத்த வேண்டும். சுத்தம் செய்யும்போதும் பழுது பார்க்கும்போதும் மெயின் சுவிட்சில் பூட்டுப் போட வேண்டும். கை விடுகிறவர் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் கை விட்டால் இரண்டு பூட்டு. பூட்டிய பிறகு பச்சைப் பொத்தானை ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பது கட்டாயம், ஏனென்றால் தவறான சுவிட்சைப் பூட்டியிருக்கக்கூடும். “அண்ணே, நான் சுவிட்ச்சுப் பக்கத்துல நிக்கிறேன், நீங்க கழுவுங்க” என்ற ஏற்பாட்டை நான் நம்புவதே இல்லை. மற்ற மெசின்கள் ஓடும் இரைச்சலில் “போடாதே” என்பது “போடு” என்றுதான் கேட்கும்.

வலை, கையுறை, காப்புக் கயிறு

மூடி போட்டிருக்கிறோம் என்று சொல்லுமுன் ஓட்டையை அளந்து பார்க்க வேண்டும். சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ 13857 இதற்கு எண்கள் தருகிறது. 6 மில்லிமீற்றர் பிளவென்றால் ஆபத்தான இடத்திலிருந்து 10 மில்லிமீற்றர் தள்ளியிருந்தால் போதும். 12 மில்லிமீற்றர் பிளவென்றால் 100. ஓர் அங்குலச் சதுரக் கண் வலை என்றால் 120. அதே ஓர் அங்குலம் நீளப் பிளவாக இருந்தால் 850, ஏனென்றால் கை முழுவதும் உள்ளே போகும். கோழிக்கூட்டு வலையைப் பெல்ட்டை ஒட்டினாற்போல் வெல்ட் பண்ணினால் விரல் கண்ணுக்குள்ளால் போய் பெல்ட்டைத் தொடும். கழற்ற நான்கு நட்டு வேண்டிய மூடி இரண்டாம் வாரம் மூலையில் சாய்ந்து நிற்கும் என்பதும் உண்மை. கிரீஸ் ஏற்றும் நிப்பிளுக்கு ஒரு செப்புக் குழாயை இழுத்து மூடிக்கு வெளியே கொண்டுவந்துவிட்டால், மூடியைக் கழற்றும் தேவையே பாதி குறையும்.

சுழலும் மெசினில் துணிக் கையுறை போடுவது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நூல் சிக்கினால் வெறும் விரல் தப்பும் இடத்தில் கையுறை முழுக் கையையும் இழுக்கும். மோதிரம் இன்னும் மோசம், சிக்கினால் விரலின் தோலை உறை கழற்றுவது போல உரித்துவிடும். கயிற்றைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் சங்கடம்தான். அம்மன் திருவிழாவுக்கும் காமன் கூத்துக்கும் காப்புக் கட்டியவரிடம் அதை அறுக்கச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை, பௌத்தர்களின் பிரித் நூல் கட்டியவரிடமும் அப்படியே. அந்த நாட்களில் அவரை வாட்டுத் தட்டுக்கோ பொதி செய்யும் இடத்துக்கோ மாற்றிப் போடலாம். பேர், அதாவது அன்றைய நாட்சம்பளக் கணக்கு, குறையாமல் மாற்ற வேண்டும். குறைந்தால் அவர் கயிற்றைச் சட்டைக் கைக்குள் ஒளித்துக்கொண்டு ரோலருக்கே வருவார்.

போன பிறகு முதல் மணி

கை மாட்டியிருந்தால் இழுக்கக்கூடாது, மோட்டாரைப் பின்பக்கமாக ஓடவிடவும் கூடாது. மெயினைப் பூட்டிவிட்டு, உருளைகளின் இடைவெளியைப் பிடித்திருக்கும் திருகுகளைத் தளர்த்தி விலக்க வேண்டும். அதற்குப் பொருந்தும் ஸ்பேனர் மெசினின் பக்கத்திலேயே தொங்க வேண்டும், பட்டறைக்கு ஓடிப் பூட்டைத் திறந்து தேடும் நேரம் இல்லை. காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். கோப்பித்தூள், தேயிலைத்தூள், மஞ்சள் எதையும் அப்பக்கூடாது. வீங்குமுன் மற்ற விரல்களில் உள்ள மோதிரங்களைக் கழற்ற வேண்டும். தேநீர்கூடக் கொடுக்க வேண்டாம், சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

துண்டான விரலைத் தூளுக்குள் தேடி எடுத்து, சுத்தமான தண்ணீரில் தேய்க்காமல் அலசி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பொலித்தீன் பையில் கட்ட வேண்டும். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பைக்குள் வைக்க வேண்டும். ஐஸில் நேரடியாகப் போட்டால் தசை உறைந்து செத்துவிடும், விரலைக் காப்பாற்ற நினைத்தவர்களே அதைக் கெடுத்துவிடுவது இப்படித்தான். விரலில் தசை குறைவு, அதனால் குளிரவைக்காவிட்டால் 12 மணி வரை, குளிரவைத்தால் 24 மணி வரை தாங்கலாம். முழுக் கையானால் இந்த நேரம் பாதிதான். நுவரெலியாவிலிருந்து ஏ5 வீதியால் கண்டிக்குச் சுமார் 77 கிலோமீற்றர், ரம்பொடை வளைவுகளும் பனிமூட்டமும் இடையில். அம்புலன்சுக்கு 1990க்கு அழைக்கும்போதே விரல் துண்டாகியிருக்கிறது என்று சொல்ல வேண்டும், விபத்து நடந்த நேரத்தைப் பையிலேயே எழுதிவிட வேண்டும். ஐஸ் எங்கே கிடைக்கும் என்பதை இன்றைக்கே பார்த்து வையுங்கள். தோட்டத்துக் கடையின் பெட்டியில் உள்ள ஐஸ் பாக்கெட்டும் போதும், விடியற்காலை மூன்று மணிக்குக் கடைக்காரரை எழுப்பக்கூடியவர் யார் என்று தெரிந்திருந்தால்.

அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது

‘கவனயீனம்’ என்று எழுதிவிட்டால் நட்டஈடு கிடைக்காது என்று தொழிலாளர்கள் பயப்படுகிறார்கள். அதனாலேயே பலர் காயத்தைச் சின்னதாகச் சொல்லிவிடுகிறார்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் அப்படி இல்லை. குடிபோதை, தெளிவாகக் கொடுத்த பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றியது போன்றவற்றுக்குத்தான் விலக்கு. கவனம் தவறியது விலக்கு அல்ல. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு உச்சத் தொகை 550,000 ரூபாயிலிருந்து 2,000,000 ரூபாய் ஆயிற்று. மூன்று நாளுக்கு மேல் முழுச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாமல் போன விபத்தை, 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்கவும் வேண்டும்.

புத்தகத்தில் எழுதுகிறவருக்கு நான் கேட்பது ஒன்றுதான். ஆளைப் பற்றிய சொல்லை விட்டுவிட்டு, கை போன இடத்துக்குப் போய் அளந்து எழுதுங்கள். உதாரணமாக இப்படி: “இரண்டாம் ரோட்டர்வேன். விடியற்காலை 3.40. வாட்டுக் குறைந்த இலை வாயில் நின்றது. தள்ளும் துடுப்பு கொக்கியில் இல்லை. வாயிலிருந்து திருகுக்கு 28 சென்றிமீற்றர். புனல் இல்லை. வலது கை, ஆள்காட்டி விரலும் நடுவிரலும்.” கட்டத்துக்குள் இடம் போதாது. பக்கத்தின் பின்புறத்தில் எழுதுங்கள்.